ஆறாத தொட்டி

தொட்டியில் தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது.

குறைந்திருந்தால் ரைலி கவலைப்பட்டிருக்க மாட்டாள். வெந்நீர்த் தொட்டியில் தண்ணீர் குறைய ஆயிரம் காரணம் உண்டு: ஆவியாகும், ஓரத்தில் கசியும், குளிப்பவர்கள் உடம்போடு கொஞ்சம் எடுத்துப் போவார்கள். ஏறுவதற்கு ஒரே காரணம்தான். உள்ளே யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். பனி அப்பிய மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பலகை இருக்கைக்கு மேலே கரும்பச்சைத் தண்ணீர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை.

"என்சியோ?" என்றாள் மெதுவாக.

அந்த ஏரிக்கரை வீட்டில் அவளும் முற்றத்தில் நின்ற அந்தக் குளியல் தொட்டியும்தான். கணவன் என்சியோ இலையுதிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினான். தேவாலயத்துக் கல்லறையில் படுத்திருக்கிறான். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீட்டில் பல நாள் அவள் தன் குரலையே கேட்டதில்லை. தனிமை பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் வீட்டிலெல்லாம் ஆள் இருந்தது.

அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எல்லோரும் பொழுது சாய்வதற்குள் சவுனாவில் நீராவிக் குளியல் முடித்துவிட்டு, மிச்சச் சூட்டைச் செத்துப்போனவர்களுக்கு விட்டுவிட்டு வரவேண்டும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ரைலி வீட்டுச் சவுனாவின் புகைபோக்கி வெடித்துக் கிடந்தது. அதனால் என்ன, தொட்டி இருக்கிறதே என்று நினைத்தாள். பனிக்கட்டியில் துளை போட்டு, பம்பை இறக்கி, ஏரித் தண்ணீரை நிரப்பினாள். அடுப்பை மூட்டிக் குளித்தாள். மூடியைச் சாத்திவிட்டு, "வந்து குளிச்சிட்டுப் போ, என்சியோ" என்று இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் காலை தொட்டியின் மரப்படிகளில் வெறுங்கால் ஈரம் உறைந்து தடமாகப் பளபளத்தது. ரைலி படியிலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அன்றிலிருந்து நெருப்பை அணையவிடவில்லை. அதற்கு என்சியோவே கற்றுக்கொடுத்த காரணமும் கைவசம் இருந்தது. அடுப்பு தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருக்கும். கடுங்குளிரில் சுற்றியுள்ள தண்ணீர் உறைந்தால் பிளந்து போகும். குளிர்காலத்தில் ஒன்று கடைசிச் சொட்டுவரை வடித்துவிட வேண்டும், இல்லை காலையும் மாலையும் விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரைலி விறகு போட்டாள். மூடிமேல் விழுந்த பனியைத் தள்ளினாள், தண்ணீரில் கிருமி மருந்து கரைத்தாள், வடிகட்டியைக் கழுவினாள்.

அந்த வடிகட்டியில்தான் முடி வந்தது. நீளமான, வெளிறிய முடி, ஏரிப்பாசியோடு பின்னிக்கொண்டு. ரைலி தலையை ஒட்ட வெட்டியிருப்பவள். என்சியோவுக்கோ முப்பது வயதிலேயே வழுக்கை. அவள் அதை விரலில் சுற்றி அடுப்பில் எறிந்தாள். பொசுங்கின நாற்றம் வந்தது. பழைய முடியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்க ஆளில்லாத வீட்டில் எந்தப் பொய்யும் எடுபடும்.

பாதைப் பனியை டிராக்டரால் தள்ள வந்த கார்லோ காபி குடிக்க உள்ளே வந்தான். ஏரியின் மறுகரைக்காரன், வாய் சும்மா இருக்காது.

"என்ன ரைலி, புகை அடங்கவே மாட்டேங்குது? ஊரையே குளிக்கக் கூப்பிட்டிருக்கியா?"

"தொட்டி உறைஞ்சிடக் கூடாதுல்ல."

"ஒருத்திக்கு எதுக்கு அவ்ளோ பெரிய தொட்டி? வடிச்சு விட்டுட்டு வெயில் காலத்துல பாத்துக்கயேன்."

"கிறிஸ்துமஸுக்கு மொதல் நாள் என்சியோவுக்குன்னு சூடா விட்டு வெச்சேன். வரான், கார்லோ. தினமும் வரான்."

கார்லோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அந்தச் சூட்டைச் சவுனாவுல விடணும். சவுனா காலையில தானா ஆறிடும். ஆறுனா, சரி, கிளம்பச் சொல்றாங்கன்னு அவங்களே போயிடுவாங்க. நீ இதை ஆறவே விடலியே."

"அவன் எதுக்குப் போகணும்?"

"தண்ணி எங்கேருந்து எடுத்தே?"

"ஏரியிலேருந்துதான். வேற எங்கேருந்து?"

"என்சியோ கல்லறையில இருக்கான், ரைலி. ஏரியில இருக்கிறது யாரு யாருன்னு உனக்குத் தெரியாதா? படகோட போனவங்க, பனி உடைஞ்சு போனவங்க... எத்தனை பேரை எடுக்கவே முடியல."

காபியை மிச்சம் வைத்துவிட்டுக் கிளம்புகிற ஆளில்லை கார்லோ. அன்று கிளம்பினான்.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. பொண்டாட்டியோடு ஒரே போர்வையில் தூங்குகிறவன் பேசுகிற பேச்சு இது என்று முணுமுணுத்தாள். அந்தக் கோபத்தோடே அன்று பிற்பகல், மூன்று மணிக்கே வெளிச்சம் செத்துவிடுகிற அந்த மாசத்து இருட்டில், மூடியைப் பாதி தள்ளித் தொட்டிக்குள் இறங்கினாள். அடுப்பில் கட்டை வெடிக்கும் சத்தம், ஏரியின் பனிக்கட்டி எங்கோ தூரத்தில் நீளமாக முனகும் சத்தம், புகையோடு கலந்த சேற்று வாசம். கழுத்துவரை சுடுதண்ணீர், தலைமயிரில் உறைபனி. எதிர் இருக்கையைப் பார்த்து, மளிகைக்கடை மூடிவிட்டதையும் தோள் வலியையும் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கிறான் என்றே தோன்றியது.

தண்ணீருக்கடியில் அவள் முழங்காலில் ஒரு பாதம் பட்டது.

மென்மையாக. விளையாட்டாக.

சின்னப் பாதம். அவள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

ரைலி எழுந்தாள், படியிறங்கினாள், வெறும் உடம்போடு பனியில் நடந்து வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

மறுநாள் அவள் விறகு போடவில்லை. நெருப்பு தானாக அணையும்வரை சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்து புகையைப் பார்த்தாள். வடித்துவிட்டால் அவனும் போய்விடுவானோ என்று நினைத்தாள். அப்படி ஒருவன் வந்திருந்தால். பிற்பகலில் புகை நின்றது. வீட்டு அடுப்பில் கட்டையை நிரப்பி, கதவைச் சாத்திவிட்டுப் போய், தொட்டியின் அடைப்பைத் திறந்தாள்.

தண்ணீர் தடதடவென்று குழாய் வழியே பனிச்சரிவில் இறங்கியது. குழாய் உறையாமல் இருக்க அவள் அதைக் கையால் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். கையுறை நனைந்து விறைத்தது. மூடிக்குள்ளே ஏதோ அசைந்தது. பலகை முனகியது. அவள் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்தாள். கடைசிச் சொட்டுவரை.

பிறகு மூடியைத் தூக்கினாள்.

காலி. பலகையில் சேறு. அவ்வளவுதான்.

"மன்னிச்சுக்கோ," என்றாள். யாரிடம் என்று அவளுக்கே தெரியவில்லை. பெருமூச்சு விட்டுத் திரும்பினாள்.

படியில் ஈரத் தடங்கள். புதுசு. இன்னும் உறையவில்லை.

பெரியது. சின்னது. ஒன்றன்மேல் ஒன்றாக.

அவை ஏரிப் பக்கம் போகவில்லை.

தொட்டி ஆறிப்போயிற்று. அந்தக் கரையில் சூடாக இருக்கும் இடம் இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தடங்களின் பின்னால் வாசல்வரை போனாள். சாத்திய கதவு திறந்திருந்தது. சமையலறை ஜன்னல் உள்ளேயிருந்து ஆவி படிந்து வெளுத்திருந்தது. அதை ஒரு கை துடைத்தது. ஒரு முகம். பக்கத்தில் இன்னொரு கை. கீழே, ஜன்னல் விளிம்பை எட்டி, ஒரு சின்னக் கை. தண்ணீரில் ஊறி வெளுத்த முகங்கள், எல்லாம் அவளையே பார்த்தன. அவள் ஒவ்வொன்றாகத் தேடினாள். பயத்தையும் மீறித் தேடினாள்.

என்சியோ இல்லை.

போன் உள்ளே. கார்லோ வீட்டு வெளிச்சம் ஏரிக்கு அந்தப்பக்கம், ஊசிமுனை அளவு. விரல்கள் மரத்துவிட்டன. கால்களும்.

கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது, சேற்று வாசத்தோடு. உள்ளே, மேஜையோரத்து நீளப் பலகையில், முதுகிலிருந்து தண்ணீர் சொட்ட நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் அவளைப் பார்த்து மெல்ல நகர்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்கள்.