வெடிமருந்துக் கிடங்கில் ஒரு ஜன்னல்

காலை பதினொரு மணி.

மூன்றாவது குத்தில் சுவர் சரிந்தது. செங்கல்லோடு ஒரு கையும் வெளியே வந்தது.

எலும்புக் கை!

கொத்தனார் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினார்.

பாழடைந்து கிடந்த ராணுவக் கோட்டை அது. அதை நூலகமும் பூங்காவுமாக மாற்றும் வேலை. வரைபடம் போட்டவள் ஓர் ஆர்க்கிடெக்ட். கட்டும் காண்ட்ராக்டர், அவளுடைய அக்கா புருஷன்.

அக்கா?

மூன்று வருடத்துக்கு முன் யாரோடோ ஓடிப்போனதாகப் பேச்சு.

வெடிமருந்துக் கிடங்குக்குள் இப்போது அவளும் அவரும்தான்.

"யாராவது பழைய சிப்பாயா இருக்கும்மா. மூடிடலாம். வெளிய தெரிஞ்சா வேலை நின்னுடும்."

"அந்தக் காலத்துச் சிப்பாய் பேட்டரி வாட்ச் கட்டுவானா மாமா?"

அவள் குனிந்து அந்த எலும்பு மணிக்கட்டைத் தொட்டாள்.

"இது நான் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தது..."

காண்ட்ராக்டர் இரும்புக் கதவைச் சாத்தித் தாழிட்டார்.

"இந்தச் சுவர்ல ஜன்னல் வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

"ஏன் கொன்னீங்க?"

"நான் கட்டின பள்ளிக்கூடக் கூரை இடிஞ்சு மூணு பேர் செத்தாங்க. சிமென்ட் கலப்படத்தைப் போலீஸ்ல சொல்லப் போறேன்னு நின்னா உங்க அக்கா. அப்ப இந்தக் கோட்டைக்கு வேலி போட்டது நான்தான். யார் வருவா இங்க?"

சொல்லிக்கொண்டே கடப்பாரையை வீசினான்.

அவள் ஒதுங்கினாள். பாதிதான் முடிந்தது. இடது தோள் எலும்பு முறிந்தது. விழுந்தவளின் கழுத்தில் பூட்ஸ் ஏறியது. மூச்சு அடைத்தது... கண் இருண்டது...

வலது கைக்கு ஒரு செங்கல் சிக்கியது.

அவனுடைய முழங்கால் நொறுங்கிய சத்தம் அந்தக் கல் அறையில் எதிரொலித்தது. அலறியபடி குனிந்தான். அடுத்த அடி தாடையில். இரண்டு பற்கள் ரத்தத்தோடு தெறித்தன.

கதவு உடைந்தது. இன்ஸ்பெக்டர்!

"அதுக்குள்ள... எப்படி..." ரத்தம் வழியக் கேட்டான்.

"காலையிலேர்ந்து வெளியதான் நிக்கிறார். காத்து வர்ற துளையில காதை வச்சுக்கிட்டு," என்றாள் அவள். "பழைய ராணுவ வரைபடத்துல இந்தச் சுவர் மூணு அடி கனம். என் டேப்புல அஞ்சரை. எல்லாரும் விட்டுட்டுப் போன கோட்டையில சுவர் மட்டும் எப்படி வளரும்? அதைப் பார்த்த பிறகுதான் இங்க ஜன்னலே வரைஞ்சேன். பொணம் கிடைச்சா பத்தாது மாமா. உங்க வாயால வரணும்."

தவழ்ந்து போய் அக்காவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது.

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"இவ்வளவு நாள் நீங்க கட்டினீங்க, ஜனங்க பயந்து பயந்து குடியிருந்தாங்க. இனிமே கட்டடம் எங்களோடது... பயப்படாம குடியிருங்க. கலப்படமே இல்ல."