கேட்காமல் வந்த வெளிச்சம்

மஃரிப் தொழுகையை முடித்துப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் பற்றரி அறைக்குள் போன ஜவ்பர் ஹாஜியார், மீற்றரில் ஒரு சிறிய பிழையைக் கண்டார். கூரையில் இருந்த சோலர் தகடுகளிலிருந்து இன்னும் மின்சாரம் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே பொழுது முற்றாக இறங்கி, கொட்டியாரக் குடாவின் தண்ணீர் கறுத்து, எதிர்க்கரையில் துறைமுகத்தின் விளக்குகள் சிறு சிறு புள்ளிகளாக எரிந்துகொண்டிருந்தன. மாதக் கடைசி. பிறையும் இல்லை.

கண்ணாடியை உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இலக்கம் குறையவில்லை. கொஞ்சம் கூடியிருந்தது.

மூதூரின் கடைசி மின்கம்பத்தையும் தாண்டிக் கடலோரமாக இருந்த வீடு அது. கம்பி இழுப்பதானால் பக்கத்து வளவுக்காரர் இராசையாவின் காணிக்குள்ளால் இழுக்க வேண்டும். எல்லை வேலிச் சண்டைக்குப் பிறகு இராசையாவின் முகத்தை அவர் பார்த்ததில்லை. இன்னொருவனிடம் கேட்டு வாங்கும் வெளிச்சம் தன் குடும்பத்துக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் மகள் ஸல்ஹாவுக்கு வந்த முதல் சம்பந்தம் முறிந்தது. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். வந்து பார்த்தவர்கள், இருட்டு வீட்டுக்குள் மகனை அனுப்ப ஏலாது என்று ஊரெல்லாம் கதைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கதை அவர் நெஞ்சில் முள்ளாக நின்றது. அதன் பிறகுதான் தகடுகளும் பற்றரிகளும் வந்தன. இன்று கிண்ணியாவிலிருந்து புதுச் சம்பந்தம் பேச, மாப்பிள்ளையின் மூத்த சகோதரன் பாயிஸின் குடும்பம் வருகிறது. பெண்ணோடு சேர்த்து வீட்டையும் பார்க்க வருகிறார்கள். வாசல் விளக்கிலிருந்து அடுப்படி விளக்கு வரை ஒன்று விடாமல் எரிந்துகொண்டிருந்தது.

"வாப்பா, இது என்ன மணம்?" ஸல்ஹா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றாள். "முட்டை அழுகின மாதிரி."

"பற்றரி கூடுதலா நிரம்பினா அப்படித்தான் மகள். சாம்பிராணி போடு."

"நல்ல நேரம் பாத்து மணக்குது. வட்டிலப்பத்திலதான் கெட்ட முட்டை எண்டு நினைச்சு ஒருத்தரும் வாயில வெக்கமாட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, தகடுகளைப் பூட்டித் தந்த அஞ்சலோவுக்குத் தொலைபேசி எடுத்தார். தன் வீட்டில் பிழை என்று சொல்ல மனம் வரவில்லை.

"தம்பி, கூட்டாளி ஒருத்தர் கேக்கிறார். பொழுதுபட்ட பிறகும் தகட்டில கரண்ட் வருமா?"

"வராது ஹாஜியார். நிலாவுக்குக்கூட வராது. வெயில் மாதிரி ஒண்டு பட்டாத்தான் வரும்." அஞ்சலோ சிரித்தான். "உங்கட கூட்டாளியிட்டச் சொல்லுங்கோ, கூரையில ஆரும் சூரியனைக் கொண்டந்து வெச்சிட்டாங்களோ எண்டு பாக்கச் சொல்லி."

"சரி, சொல்றன்."

பற்றரிகளுக்குள் தண்ணீர் கொதிக்கும் ஓசை கேட்டது. உலை கொதிப்பதைப் போல முதலில் மெதுவாக, பிறகு விடாமல். ஜவ்பர் தகட்டின் சுவிச்சைக் கீழே இழுத்தார். மின்சாரம் வரும் வழியை அது அறுத்துவிடும். வீட்டு விளக்குகள் பற்றரியில் எரியும். ஒருவருக்கும் எதுவும் தெரியவராது. சுவிச்சு விழுந்தது. மீற்றரின் இலக்கம் விழவில்லை. வழி அறுந்த பிறகும் ஏறியது. உச்சிப் பகலில் காட்டும் இலக்கத்தைத் தாண்டியது.

அப்போது தலைக்கு மேலே ஓடு ஒன்று நெரிந்தது.

பூனையின் பாரம் இல்லை. ஒரு கால் ஊன்றி, நின்று, மறு கால் ஊன்றும் பாரம்.

முழுவதையும் நிறுத்தத்தான் வேண்டும். மேலும் நிரம்பினால் பற்றரி வெடிக்கும். வெடித்தால் வீடு போகும். நிறுத்தினால் வருகிறவர்கள் இருட்டு வீட்டைக் காண்பார்கள். இரண்டாம் முறை. கை சுவிச்சில் நெடுநேரம் நின்றது.

நிறுத்தும் ஒழுங்கு அவருக்கு மனப்பாடம். முதலில் வீட்டு விளக்குகள், பிறகு இன்வேட்டர், பிறகு தகடு, கடைசியாகப் பற்றரி. மறுபடி போடும்போது இதற்கு நேர் எதிராகப் பற்றரியில் தொடங்க வேண்டும். பதற்றத்தில் தகட்டை முந்தி நிறுத்திவிட்டார். பரவாயில்லை. வீட்டு விளக்குகளை அணைத்தார். உள்ளே ஸல்ஹாவின் குரல் கேட்டது.

"வாப்பா, இண்டைக்கா?"

இன்வேட்டரை அணைத்தார். அதன் இரைச்சல் இறங்கி ஓய்ந்தது. தகட்டின் சுவிச்சைத் தடவிப் பார்த்தார். கீழேதான் இருந்தது. பற்றரியின் பெரிய சுவிச்சைத் திருப்பினார். மீற்றர் இருண்டது.

கொதிப்பு ஓயவில்லை.

அணைத்த பிறகும் பெட்டிக்குள் கொஞ்ச மின்சாரம் தங்கியிருக்கும், சற்று நேரம் தொடக்கூடாது என்று அஞ்சலோ சொல்லியிருந்தான். தொடாமல் நின்றார். இருட்டு. மணம். மேலே ஓட்டில் கால். ஒரு அடி. இன்னொரு அடி.

சுவரைத் தடவிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். தன் கையைத் தானே காணாத இருட்டு. சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. பாயிஸ்.

"ஹாஜியார், பாலத்தால வாறம். அல்லாஹ், என்ன வெளிச்சம் உங்கட வீடு! இங்கேருந்தே தெரியுது. பட்டப்பகல் மாதிரி."

ஜவ்பர் அண்ணாந்து பார்த்தார். கூரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"ஊரில இருட்டு வீடு எண்டு கதைக்கிறவன்ட கண்ணைத்தான் டொக்டரிட்டக் காட்டிப் பாக்க வேணும்," என்று பாயிஸ் சிரித்தான். பின்னால் அவனுடைய மனைவி ஹுஸ்னியா ஏதோ கேட்டாள். "ஓம், நானும் கண்டன். ஹாஜியார், கூரைக்கு மேல ஒராள் நிக்குது. நல்ல உசரம். அது ஆரு?"

ஓட்டில் கால்கள் நின்றன. மேலே இருந்ததும் அவருடைய பதிலுக்குக் காத்திருந்தது.

தெரியாது என்று சொல்லலாம். தெரியாத ஒருவன் கன்னிப்பெண் இருக்கும் வீட்டின் கூரையில் நிற்கிறான் என்று, சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது? அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"அது எங்கட வீட்டாள்தான். நீங்க வாங்க."

கூரையில் சாத்தியிருந்த ஏணியின் மேல் படி முனகியது.

பிறகு அடுத்த படி.

இருட்டு அப்படியே இருந்தது. ஆனால் முற்றத்து வெள்ளை மணலில், அவருடைய காலடியில், அவருடைய நிழல் விழுந்திருந்தது. உச்சி வெயிலில் விழுவதுபோல. குறுகி. கரி போல. வெளிச்சம் எங்கும் இல்லை. நிழல் மட்டும்.

"வாப்பா, எங்க நிக்கிறீங்க? கண் தெரியுதில்ல." ஸல்ஹா கைகளை நீட்டித் துழாவிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். அவளைக் காணவில்லை. அவளுடைய நிழலைக் கண்டார். ஏணியடியிலிருந்து இன்னொரு நிழல் அதை நோக்கி நீண்டது. ஆளில்லாத நிழல். வேலியைவிட உயரம்.

உள்ளே போ என்று கத்த வாய் திறந்தார்.

அதற்குள் அந்த நிழலின் கை எழுந்தது. வீட்டின் மூத்தவர் வைப்பதுபோல், பொறுமையாக, அவளுடைய நிழலின் தலையில் இறங்கியது.

ஸல்ஹா நின்றுவிட்டாள். ஆறுதலாக மூச்சு விட்டாள்.

"இங்கயா நிக்கிறீங்க," என்றாள். "வாப்பா, ஏன் உங்கட கை இவ்வளவு சுடுது?"

ஜவ்பர் முற்றத்தின் மறுகோடியில் நின்றார். அவருடைய கைகள் இரண்டும் குளிர்ந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்தன.