பூட்ஸ் மலை

புதூர்ப் பக்கம் மலை கிடையாது. எங்கே பார்த்தாலும் கரிசல் காடு தட்டையாகக் கிடக்கும். அதனால், மலையேறுகிறவர்களைப் பற்றிய பழைய ஆவணப்படம் ஒன்றை உமாதேவி டீச்சர் பள்ளிக்கூட டி.வி.யில் போட்டதும் ஐந்தாம் வகுப்பே வாயைப் பிளந்தது.

"உச்சில கடையா இருக்கு டீச்சர்? எதுக்கு இம்புட்டுக் கஷ்டப்பட்டு ஏறுதாவ?" என்று கேட்டான் மாரிசெல்வம்.

"ஏறிப் பாத்தாத்தாம்லே தெரியும்" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான், அதே வகுப்பு முத்துசெல்விக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. ஊரில் உயரமான இடம் கண்மாய்க் கரை ஒன்றுதான். சனிக்கிழமை அதில் ஏறுவது, முதலில் உச்சிக்குப் போகிறவர் அதற்குப் பெயர் வைப்பது என்று கூட்டாளிகளுக்குள் பேச்சு. 'முத்துச் சிகரம்' என்று அவள் மனசுக்குள் எப்போதோ வைத்துவிட்டாள். கொடிக்குக் கம்பும் சிவப்புத் துணியும் தயார்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. மறுநாள் பலசரக்குக்கடை அண்ணாச்சி மகன் காளீஸ்வரன் புத்தம்புது பூட்ஸோடு வந்து நின்றான்.

"ஏலே, ஈரக் கரிசல்ல பூட்ஸா? மண்ணு அப்பிக் காலு கல்லா கனக்கும். கழத்திப் போடு!" என்றாள் முத்துசெல்வி.

"படத்துல அவிய பூட்ஸ் போட்டுத்தான ஏறுதாவ?"

"அங்கன பனி. இங்கன கரிசல்!"

அவன் கேட்டால்தானே!

முத்துசெல்வி வெறுங்கால் பெருவிரலை மண்ணில் ஊன்றி ஏறினாள். வழுக்கியது, பிடித்தாள், மறுபடி ஏறினாள். சிரிப்பு தானாக வந்தது. அடடா, ஏறுவது இத்தனை சந்தோசமா! மாரிசெல்வம் கொஞ்சம் பின்னால்தான் வந்துகொண்டிருந்தான். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"முத்து! காலு வரல!"

பாதிக் கரையில் காளீஸ்வரன் சேற்றில் மாட்டிக்கொண்டு அழுதான்.

படத்தில், ஒருவர் வழுக்கினால் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு வந்த எல்லாரும் நின்றார்கள். முத்துசெல்வி உச்சியைப் பார்த்தாள். "சே, இவன் வேற!" என்று வைதுகொண்டே கீழே இறங்கினாள். மாரிசெல்வம் அவளைத் தாண்டிப் போனான்.

"பூட்ஸ விட்டுட்டுக் காலை மட்டும் உருவு."

"பூட்ஸு போச்சுன்னா எங்கப்பா வைவாவ!"

"நான் எடுத்துத் தாரேம்லே, உருவு!"

கால் வந்தது. கொடிக் கம்பால் சேற்றைக் குத்திக் கிளறி, பூட்ஸ் இரண்டையும் அவள் தோண்டி எடுத்தாள். மேலேயிருந்து சத்தம் கேட்டது.

"இனிமே இது மாரி மலை!"

முத்துசெல்வி ஒருமுறை மேலே முறைத்துப் பார்த்தாள். ஆனாலும் காளீஸ்வரன் கையைப் பிடித்து மேலே ஏற்றினாள். கம்பை உச்சியில் ஊன்றி, பூட்ஸ் காயட்டும் என்று அதன் நுனியில் கட்டித் தொங்கவிட்டாள். பிறகு மூவரும் சறுக்கி இறங்கி, திரும்பத் திரும்ப ஏறினார்கள்.

சாயங்காலம் வரை கரைமேல் பூட்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள்.

மாரி மலை என்ற பெயரை மாரிசெல்வம் மட்டும்தான் சொல்லித் திரிந்தான். ஊரில் ஆடு மேய்க்கிறவர்கள் இப்போது போனில் இப்படித்தான் சொல்கிறார்கள்:

"பூட்ஸ் மலைகிட்ட நிக்குதேன், வா!"