பத்து மணித் தமுக்கு

"ஐயோ... கொலை!"

அலறியவன் கோவிந்தராசு. அலறாமல் நழுவியிருக்கலாம்!

அடுத்த தெருவிலும் கூவிவிட்டுத் தமுக்கோடு திரும்பியவன், ஜவுளிக்கடை கமாலுதீன் கடை வாசலில் குப்புறக் கிடப்பதைப் பார்த்தான்.

முதுகில் கத்தி!

சாத்தியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லோரும் பார்த்தது இரண்டே பேரை... ஒரு பிணம், பக்கத்தில் ஊருக்கு உத்தரவு கூவும் கொம்யூன் ஆபீஸ் தமுக்குக்காரன்.

வேறு யாரைப் பிடிப்பார்கள்?

போலீஸ் ஸ்டேஷன். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்ஸ்பெக்டரும் புதுசு.

"பட்டப்பகல் பத்து மணி. கடைத்தெரு. ஒரு சாட்சிகூட இல்லை. எப்படிய்யா?"

"அம்மை குத்த வராங்கன்னு தமுக்குப் போட்டேங்க. அதைக் கேட்டா எங்க சனம் நிக்குமா? புள்ளைங்களை இழுத்துக்கிட்டு, கதவைச் சாத்திட்டுக் கொல்லைப்பக்கமா ஓடிடுமுங்க!"

உண்மைதான். மாரியம்மன் கோபிப்பாள் என்று பாதிப் பேர் ஓடுவார்கள்; பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்று மீதிப் பேர்.

"அம்மை குத்துறவங்க இன்னிக்குக் கிளிஞ்சல்மேட்டுல இருக்காங்க. இங்க வராங்கன்னு உனக்கு யாரு சொன்னது?"

"ஆபீஸ் ரைட்டர் தியாகராசன் ஐயாங்க! எனக்குப் படிக்கத் தெரியாது. அவங்க உத்தரவை வாசிப்பாங்க, நான் மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போயி கூவுவேன். பதினாலு வருசமா அப்படித்தாங்க. இந்தாங்க, காயிதம்!"

இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார்.

"'பன்றிகளைத் தெருவில் அவிழ்த்துவிடக் கூடாது...' இதுல அம்மை எங்கய்யா இருக்கு?"

கோவிந்தராசு வாசல் பக்கம் கையை நீட்டினான்.

"தெருவே கேட்டுச்சுங்க! எதுத்த வீட்டுப் பங்கஜவல்லி அம்மாவைக் கேளுங்க!"

பங்கஜவல்லி வந்தாள். அவளுக்கு நான்கு பிள்ளைகள். ஒன்றுக்கும் அம்மை குத்தவில்லை. கேட்டுவிட்டு ஓடினேன் என்று ஒப்புக்கொண்டால் அபராதம்!

கோவிந்தராசுவை ஒரு தரம் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் காதுல விழலைங்க. உள்ளாற மாவு ஆட்டிக்கிட்டிருந்தேன்."

"யம்மா... தாயி!"

அவள் திரும்பவில்லை.

பதினெட்டு வீடு. பதினெட்டு வீட்டுக்கும் அன்று காது அடைத்துவிட்டது! பாவம் அவன், யாரைத்தான் நோவான்? வெளியே அவன் பெண்டாட்டி பூவாயி மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிள்களை வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தினார்.

"நீ அம்மைன்னுதான்யா கூவினே. அப்புறம் கால் மணி நேரம் அந்தத் தெருவுல ஒரு காக்காகூட இல்லை. எனக்குத் தெரியும்."

கோவிந்தராசுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சாமி! நல்லா இருப்பீங்க... அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?"

"நான்தான் அங்க இருந்தேனே!"

திரும்பி வந்த உயிர் மறுபடியும் போனது.

"கடத்தல் சரக்குக்கு நான் துணை போறேன்னு கமாலுதீன் பாண்டிச்சேரிக்குப் புகார் எழுதிட்டாரு. அதைத் தபால்ல போடறதுக்குள்ள முடிக்க வேண்டியதாப் போச்சு. தியாகராசனும் நம்ம கூட்டாளிதான். பன்னின்னு எழுதி, அம்மைன்னு வாசிச்சான்."

"அடப்பாவி! ஊரு பூரா சொல்லுவேன்!"

இன்ஸ்பெக்டர் அவனை லாக்கப்பில் தள்ளிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எப்படிய்யா? இந்த ஊருக்குச் சேதி சொல்றவன் ஒருத்தன்தான்... அவனைத்தான் கொலைக்கேஸ்ல உள்ள போட்டுட்டேனே!"