கூப்பிட்டவன்

வாசற்படியில் செருப்புகள் அதிகமாக இருந்தன. அதுகூடப் பரவாயில்லை, அவை வரிசையாக இருந்ததுதான் முனாபை உறுத்தியது. மனைவி கைரியாவின் சொந்தக்காரிகள் வந்தால் செருப்புகள் சந்தையில் கொட்டிய மீன் மாதிரிக் கிடக்கும். ஜோடியைக் கண்டுபிடிப்பதற்குள் விருந்தே முடிந்துவிடும். இவையோ சுவரோரமாக, ஜோடி ஜோடியாக, மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. மலைநாட்டு மடவளையில் மழைக்குக் காலில் ஏறுவது சேறு. கடற்கரையிலிருந்து நேரே நடந்து வந்தவர்கள் மாதிரி இந்த மணல் யாருக்கு வாய்க்கும்?

எல்லாம் பெண்களின் செருப்புகள். நடுவே குழந்தைகளுடையதும் சில. முன்கதவு பாதி திறந்திருந்தது.

ஹோலில் அந்நியப் பெண்கள் இருந்தால் வீட்டு ஆண் முன்கதவால் நுழைவதில்லை. அது அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய மரியாதை இல்லை. குடையைச் சுருக்கிக்கொண்டு மழையில் வீட்டைச் சுற்றிப் போனான். குசினிக் கதவைத் திறந்து உள்ளே வந்து, காற்றுக்காக அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ஒருமுறை இருமினான். ஆண் வந்துவிட்டான் என்று ஹோலுக்குத் தெரிவிக்கும் இருமல். ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் தொங்கிய தடித்த திரை இலேசாக அசைந்து நின்றது. அந்தப் பக்கம் பல பேர் ஒன்றாக மூச்சை அடக்கிய மாதிரி ஓர் அமைதி.

கூச்சமாக்கும் என்று நினைத்தான். கூச்சத்தைப் போக்குவது அவனுடைய தொழில். கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை வாசலில் மைக்கைப் பிடித்து ஆட்களைக் கூப்பிடுகிறவன் அவன். பஸ்ஸுக்கு ஓடுகிறவளும் அவன் குரலுக்கு நின்று, வேண்டாத சாரியை வாங்கி, வீட்டில் ஏச்சு வாங்குவாள். உள்ளே சாயம் போகிற துணி இருந்தால் அது முதலாளியின் பாவம். கூப்பிட்டவன் துணிக்குப் பொறுப்பில்லை. கடைத்தெருவில் இதை மறுத்துப் பேசியவர் யாருமில்லை.

வடக்கில்தான் ஒருத்தி மறுத்தாள்.

கடையின் பெருநாள் விளம்பரத்தை முதலாளி பேஸ்புக்கில் போட்டிருந்தார். அது யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்குப் போனதோ, யுத்தத்தின் கடைசி மாதத்தில் மகளையும் பேரப்பிள்ளைகளையும் இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிற ஒரு தாயின் கைக்கு வந்து சேர்ந்தது. படத்தைப் பார்க்கவே இல்லையாம் அவள், குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாளாம். "இவன்தான் ஐயா எங்களைக் கூப்பிட்டவன்."

அன்று முனாப் தமிழ் தெரிந்த சிப்பாய். கடலோரக் களப்புக் கரையில், சரணடைய வரச் சொல்லிக் கூப்பிட, அவன் கையிலும் ஒரு மைக் இருந்தது. நாளை நீதிமன்றத்தில் அவன் சாட்சி சொல்ல வேண்டும். கூப்பிட்டது யார் என்பதல்ல கேள்வி. அது குரலிலேயே தெரிந்துவிட்டது. வந்தவர்களைச் சுடச் சொன்னது யார் என்பதுதான் கேள்வி.

பின்னேரம், அன்று அவனுக்கு மேலிருந்த கப்டன் தொலைபேசியில் பேசினார். இப்போது ஓய்வு பெற்று, பேரனைப் பாடசாலைக்குக் கூட்டிப்போகிற பெரிய மனிதர். சிங்களத்தில், மிக அன்பாகச் சொன்னார்: "நீ முன்னால் நின்றாய், முனாப். நாங்கள் உன் பின்னால் நின்றோம். நீ திரும்பிப் பார்க்கவே இல்லை. அதை மட்டும் சொல். பொய்கூட இல்லையே."

பொய் இல்லைதான். அவன் திரும்பவில்லை. ஆனால் கட்டளை அவன் காதருகில் வந்தது, அந்தக் குரலையும் அவனுக்குத் தெரியும். கண்ணால் காணாததைச் சொல்லாமல் விடுவது பொய்யில் சேராது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனக்குத்தானே பேரம் பேசிக்கொண்டு வந்தான். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும்போதே பேரம் படிந்துவிட்டது. "சரி சேர்" என்று ஒரு செய்தியும் அனுப்பிவிட்டான்.

"கைரியா?" என்றான் திரையைப் பார்த்து. "தேத்தண்ணி ஊத்தவா, எத்தின பேரு?"

பாய் நெரிகிற சத்தம் மட்டும். ஈரத்துணி வாடை வந்தது. அதோடு உப்பு. காயாத மீன்வலையின் வாடை, அதற்கு அடியில் வெடிமருந்து மாதிரி மூக்கைக் கரிக்கிற இன்னொன்று.

அடுப்பை மூட்டிக் கேத்தலை வைத்தான். மின்சாரம் போனது. அடுப்பின் நீலச் சுடரில் குசினி ஒரு கிணற்றைப் போலச் சுருங்கிற்று. உள்ளே ஒரு குழந்தை விம்மத் தொடங்கி, யாரோ வாயைப் பொத்தியது போல நின்றது.

இருட்டில் குழந்தை பயந்துவிட்டது. விருந்தாளிக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? முனாப் தன் குரலில் இருந்த தேன் முழுவதையும் ஊற்றிச் சொன்னான்:

"பயப்படாதீங்க. நம்ம வீடுதான். எல்லாரும் உள்ளுக்கு வந்து வசதியா இருங்க."

"ஓம் ஐயா," என்றது ஒரு பெண் குரல், திரைக்கு மிக அருகிலிருந்து. "வந்திட்டம்."

ஐயா. கைரியாவின் வழியில் எவளும் அவனை ஐயா என்று கூப்பிடமாட்டாள். அந்தத் தமிழும் இந்த ஊர்த் தமிழ் அல்ல. யாழ்ப்பாணப் பக்கத்து ஆட்களோ? மகள் ஷஹ்மாவோடு படிக்கிற பிள்ளையின் வீட்டாரோ? இருக்கலாம். இருக்க வேண்டும்.

"பிள்ளையளையும் கொண்டு வரச் சொன்னனீங்கள்," என்றது குரல். "கொண்டு வந்திட்டம். இனி என்ன செய்யிறது, ஐயா?"

தொலைபேசி அதிர்ந்தது. கைரியா. அவள் குரல் திரைக்கு அந்தப் பக்கமிருந்து வரவில்லை.

"மழ கொஞ்சம் வுட்டீக்கி," என்றாள் அவள், த்ரீவீலர் இரைச்சலுக்குள். "நானும் மகளும் தாத்தாட ஊட்டுல இருந்து வாறோம். பள்ளியடிக்கு வந்துட்டோம். நீங்க ஊட்டுலயா?"

"ஊட்டுல ஆரு?" என்றான். தொண்டைக்குள்ளேயே.

"ஊட்டுல ஆரு ஈக்கிய? நாந்தானே முன் கதவ பூட்டிட்டு வந்த. வெளங்கல்ல, சத்தமா சொல்லுங்க."

வராதே என்று சொல்ல வாயைத் திறந்தான். திரும்பிப் போ, மகளைக் கூட்டிக்கொண்டு, நீ தாத்தா என்று கூப்பிடுகிற உன் அக்கா வீட்டுக்கே போ. நாக்கு எழும்பவில்லை. எழும்பியது வேறொன்று. திரைக்கு அந்தப் பக்கம், மைக்கில் பேசுகிற மாதிரிப் பெருத்து, கொஞ்சம் கரகரத்து, அவனுடைய சொந்தக் குரல்.

"வாங்க, வாங்க. ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்காது. பயப்படாம வாங்க."

கைரியா சிரித்தாள். "வாறோம், வாறோம். ஏன் கடயில கத்துற மாதிரி கத்துறீங்க?"

வைத்துவிட்டாள்.

திரும்ப எடுத்தான். விரல் வழுக்கிற்று. மறுபடி. மணி போனது. அவள் எடுக்கவில்லை. வீட்டுக்குக் கீழே வளைவில் த்ரீவீலரின் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. குசினிக் கதவு திறந்துதான் இருக்கிறது. ஓடலாம். வீட்டைச் சுற்றி ஓடிப் படலையடியிலேயே மறிக்கலாம்.

அப்போதுதான் பின்படியில் அந்தச் சத்தம்.

சீமெந்தில் சப்பாத்து. ஒன்றல்ல. அவசரமில்லாமல் ஏறி, கதவுக்குள் வந்து, அவன் முதுகுக்குச் சற்றுத் தள்ளி நின்றன. கேத்தலின் கொதி அடங்கிற்று. இரும்பு இரும்பில் உராய்ந்தது. அந்தச் சத்தத்தை அவன் மறந்ததே இல்லை. பெருநாள் பட்டாசுக்குள்ளும் அதைக் கேட்டிருக்கிறான்.

திரும்பவில்லை. கழுத்து மரமாகிவிட்டது.

த்ரீவீலர் நின்றது.

"வாப்பா!" ஷஹ்மாவின் குரல், முன் வாசலில். "ஆர் வந்தீக்கிய? எத்தின செருப்பு!"

முன்னால் போக மட்டும்தான் வழி இருந்தது. பாய்ந்து திரையை இழுத்தான்.

ஹோல் நிறைய இருந்தார்கள். கதிரைகளைத் தொடாமல், தரையில், வரிசை வரிசையாக. கைகள் தலைக்கு மேல் கோத்திருந்தன. தலைமுடியிலிருந்து தண்ணீர் சத்தமின்றி வழிந்து, தரையை நனைக்காமல் எங்கோ போனது. ஒரு முகத்திலும் கோபமில்லை. அன்றும் இருக்கவில்லை. அவன் சொன்னதை நம்பிய முகங்கள்.

அவர்களுக்கு அப்பால், முன்கதவில், கையில் தொலைபேசி வெளிச்சத்தோடு ஷஹ்மா. பின்னால் கைரியா. வரிசையில் இருந்த ஒரு தாய் தன் பிள்ளையை மடியோடு இழுத்து, அவர்கள் இருவரும் உட்கார இடம் விட்டாள்.

"ஓடு!" என்று கத்தினான் முனாப். கத்தியதாக நினைத்தான். வாய் மட்டும் திறந்து மூடிற்று.

கட்டளை கேட்டது. சிங்களத்தில். காதருகில், மூச்சுப் படும் தூரத்தில், பின்னேரம் பேசிய அதே அன்பான குரலில்.

ஷஹ்மா வெளிச்சத்தை உயர்த்தினாள். வரிசைகளில் இருந்த எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. யாரும் முனாபைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அவனுடைய தோளுக்கு மேலே, அவனுக்குப் பின்னால் இருந்ததில் நிலைத்தன. மகளும் அங்கேதான் பார்த்தாள். அவளுடைய முகம் மெல்ல மெல்ல அந்த மற்ற முகங்களைப் போல மாறுவதை, திரும்ப முடியாமல், அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.