மாடிக்குப் போன அடுப்பு

டங்... டங்... டமால்!

ஜாக்குலினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலசிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஈரக்கையோடு ஓடி வந்தாள். மாடிப்படியில் அவள் கணவன் ஜான்சன் கேஸ் சிலிண்டரை ஒவ்வொரு படியாக இடித்து இடித்து ஏற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு மேலே, அவளுடைய அடுப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கொழுந்தன் ஜெரோம்!

"இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்? ஒலை வெக்கற நேரத்துல அடுப்ப எங்க தூக்கினு போறீங்க?"

ஜான்சன் நிமிரவே இல்லை. ஜெரோம்தான் பதில் சொன்னான்.

"டென்ஷன் ஆவாதீங்க அண்ணி. பத்து மணிக்கு ஈ.பி. ஆபீசர் வர்றாரு. மாடிக்குத் தனி மீட்டர் கேட்டிருக்கோம். ரெண்டு மீட்டர்னா ரெண்டுக்கும் நூறு யூனிட் ஃப்ரீ. ஐந்நூறு யூனிட்டத் தாண்டி பில்லு எகிறாது. மாடில தனிக் குடும்பம், தனி சமையல்னு காட்டணும்... அவ்ளோதான்."

"யாரு தனிக் குடும்பம்?"

"நீங்க, அண்ணன், பசங்க... பேப்பர்லதான் அண்ணி! நெஜமாவா?"

"என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அண்ணன்தான் கையெழுத்துப் போட்டுட்டாரே!"

ஜாக்குலினுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. பையனூரில் இந்த வீட்டுக்கு வாழ வந்து பதினேழு வருடம். ஒரு நாள், ஒரு வேளை, அவள் தனக்கென்று தனியாக உலை வைத்ததில்லை. இன்று அவளுக்கே தெரியாமல் அவளைப் பிரித்துவைத்துவிட்டார்கள்!

"ஏன்யா, வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்று கணவனைப் பார்த்துச் சீறினாள். அவன் சிலிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கூடத்திலிருந்து மாமியார் செங்கம்மாள் சத்தம் போட்டாள். "காலங்காத்தால ஏன் கத்திகினு கீற? போன தபா எழுநூத்தி நாப்பது யூனிட்டு! நாள் பூரா வூட்ல இருக்கறவ நீ. நீ ஒழுங்கா இருந்தா இந்தப் பேஜாரு எதுக்கு?"

"நானா அத்த? நானா...?"

ஜாக்குலின் கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"சட்னிய அம்மில அரைக்கறேன். துணிய சேத்து வெச்சி வாரத்துக்கு ஒரு நாள்தான் அயர்ன் பண்றேன். ஃபிரிட்ஜ செவுத்த வுட்டுத் தள்ளி வெச்சது யாரு? ரிமோட்டுல நிறுத்தினாப் பத்தாது, சுவிட்ச அமுத்துங்கன்னு சொல்லிச் சொல்லி கஞ்சப் பிசினாறின்னு பேரு வாங்கினது யாரு? சமையக்கட்டுல எனக்கு ஒரு ஃபேனு கீதா அத்த? உன் சின்னப் புள்ள நைட் ஷிப்ட் முடிச்சி வந்து, ஏசிய பதினெட்டுல வெச்சி, கம்பளி போத்தினு பகல் பூரா தூங்கறான்! இருபத்தாறுல வெச்சி கூடவே ஃபேன போடுப்பா, கதவ சாத்துப்பான்னு எத்தினி வாட்டி சொன்னேன்!"

ஜெரோமின் முகம் சிவந்தது. "ஏசிக்குக் கணக்கு பாக்கறதா இருந்தா சொல்லிடுங்க அண்ணி. நானும் ஷீபாவும் சிறுசேரிலயே ஃபிளாட் பாத்துனு போயிடறோம்!"

"டேய், டேய்... உன்ன யாருடா இன்னா சொன்னது?" செங்கம்மாள் பதறி எழுந்தாள். "நீ வாய மூடு ஜாக்குலினு! வூட்ட ரெண்டாக்கிடாத!"

"வூட்ட ரெண்டாக்கறது நானா...?"

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. ஈ.பி. ஆபீசர் தீனதயாளன் ஃபைலோடு உள்ளே வந்தார். யாரையும் பேசவிடாமல் நேராக மாடிக்குப் போனார். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, நடுவில் அடுப்பு. சிலிண்டருக்கு டியூப்கூட மாட்டவில்லை. இறங்கி வந்து கீழ்ச் சமையலறையை எட்டிப் பார்த்தார். மேடை காலியாக இருந்தது.

"கீழ யாரு குடியிருக்கறது?"

"நான், என் வைஃப், அம்மா... நாங்க மூணு பேரு சார்" என்றான் ஜெரோம்.

"சரி. உங்க அடுப்பு எங்க?"

ஜெரோம் விழித்தான். இருந்த ஒரே அடுப்பை மாடிக்கு ஏற்றிய அவசரத்தில், கீழேயும் ஒரு குடும்பம் சமைக்க வேண்டும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை!

"அது... நாங்க ஆர்டர் பண்ணிப்போம் சார்."

"மூணு வேளையுமா?" தீனதயாளன் ஜாக்குலின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. நீங்க தனிக் குடும்பமா?"

ஜான்சன் கண்ணாலேயே கெஞ்சினான்.

"எழுதிக்கோங்க சார்... தனிதான்."

ஜெரோமின் முகத்தில் சிரிப்பு வந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா பேப்பர்ல தனி, சோத்துக்கு ஒண்ணுன்ற வேல எங்கிட்ட நடக்காது. மேல ஏறின அடுப்பு இனிமே கீழ எறங்காது. அந்தத் தகரத்துல வெந்து செத்தாலும் என் புருஷனுக்கும் புள்ளைங்களுக்கும் மட்டுந்தான் ஒலை வெப்பேன். பதினேழு வருஷம் பொங்கிப் போட்டவள, கேக்காமலே வெளிய எழுதிட்டீங்க இல்ல... போயிட்டேன்னே வெச்சிக்கோங்க!"

குரல் உடைந்தது. ஆனால் அழவில்லை. அரிசிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள்.

தீனதயாளன் பேனாவைத் திறந்து செங்கம்மாளைப் பார்த்தார். "மீட்டர் உங்க பேர்ல இருக்கும்மா. நீங்க எந்தக் குடும்பத்துல சாப்பிடறீங்கன்னு எழுதணும்."

செங்கம்மாள் தடுமாறி நடந்து போய், நான்காவது படியில் நின்ற மருமகளின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இவ கையாலதான் சார் சாப்புடறேன். நானும் இவகூடத்தான். தனி மீட்டரு போடணும்னா, தோ நிக்கறானே, இவனோட ஏசி ரூமுக்குப் போடுங்க. இவனே கட்டிக்கட்டும்."

"அம்மா!" ஜெரோம் கத்தினான். "இத்தினி நாளா அண்ணிதான் கரண்ட வீணாக்கறாங்கன்னு நீதான சொல்லிகினு இருந்த?"

செங்கம்மாளின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. பிடித்த முந்தானையை விடாமலே மகனைப் பார்த்தாள்.

"நீ போயிடுவியோன்னு பயந்து உன்ன ஒண்ணுமே சொல்லலடா... இவ எங்க போயிடப் போறான்ற தைரியத்துலதான்டா இவளத் திட்டிகினு கெடந்தேன்!"