மிஞ்சிப்போன பைகள்

"என் தம்பி கமிஷன் அடிக்கிறானான்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். இல்லைன்னு சொன்னீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமா போகும்" என்றார் துப்பறிவாளரைத் தேடி வந்திருந்த அம்மாள்.

பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் நிறுவனத்தின் முதலாளி அவர். அடுத்த பருவத்தில் எத்தனை பை விற்கும், அதற்கு எவ்வளவு சரக்கு வேண்டும் என்று திட்டம் போடுவது அவருடைய தம்பியின் வேலை. இரண்டு வருடமாகத் திட்டம் ஒரு பக்கம் போகிறது, விற்பனை இன்னொரு பக்கம் போகிறது. கிடங்கில் கால் வைக்க இடமில்லை. துணிக்காரரிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு தம்பி வேண்டுமென்றே கூட்டிப் போடுகிறான் என்று பேச்சு அடிபட, இன்று சாயங்காலத்துக்குள் அவனை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள் பங்குதாரர்கள்.

துப்பறிவாளருக்குத் தெரிந்தவர்கள் வைத்த பெயர் 'நிதானம்'. வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். அவருக்கு உதவியாக இருந்த அக்கா மகளோ சரியான அவசரக்குடுக்கை. நிறுவனத்துக்குள் நுழைந்த சற்று நேரத்திலேயே அவள் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"மாமா, தம்பிதான்! நம்மகிட்ட நிமிர்ந்தே பேசலை, பாத்தீங்களா?"

"குனிஞ்சிருக்கிறவங்களை எல்லாம் பிடிக்கிறதுன்னா, பஸ்ஸுல போன் பாக்கிற அத்தனை பேரையும் பிடிக்கணும். வா, கிடங்கைப் பாப்போம்."

கிடங்கில் துணிச் சுருள்கள் கூரையைத் தொட்டன. அவற்றுக்குப் பின்னால் ஜிப்பு, கொக்கி, நூல்கண்டு என்று பெட்டி பெட்டியாகக் கிடந்தது.

"இதுல எது அதிகமா மிஞ்சியிருக்கு?" என்று கொள்முதல் அதிகாரியிடம் கேட்டார் நிதானம்.

"எல்லாமேதான் சார். துணி எத்தனை பைக்கு மிச்சமோ, அத்தனை பைக்கு ஜிப்பும் மிச்சம், நூலும் மிச்சம்."

"எல்லாம் ஒரே ஆள்கிட்ட வாங்குறதா?"

"இல்ல சார், ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தர். எனக்கு வர்ற எண்ணிக்கைக்கு நான் வாங்குவேன், அவ்வளவுதான்."

நிதானம் தலையாட்டிவிட்டுக் கூட்ட அறையை எட்டிப் பார்த்தார். மேசை மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மூலையில் பழைய அட்டைப் பெட்டிகள்.

"இங்க கூட்டமே போடுறதில்லையா?"

விற்பனை மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வருஷமா இல்ல சார். ஒரு தடவை சரக்கு பத்தாம போச்சு. பெரிய கடைக்காரர் ஒருத்தர் நேர்ல வந்து, எல்லார் முன்னாடியும் தம்பியைக் கன்னாபின்னான்னு திட்டிட்டார். அம்மா ஒரு வார்த்தை பேசலை. அன்னையிலேருந்து ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுறதில்லை. இப்போ நான் எண்ணிக்கையைக் கம்ப்யூட்டர்ல தம்பிக்கு அனுப்புவேன், அவர் அம்மாவுக்கு அனுப்புவார், அம்மா கொள்முதலுக்கு அனுப்புவாங்க."

"நீங்க அனுப்புறது மனசுல இருக்கிற எண்ணிக்கைதானா?"

"கொஞ்சம் முன்னபின்ன இருக்கும் சார்" என்று பிடரியைச் சொறிந்தார் மேலாளர்.

மதியம் அந்த அறையிலேயே நாற்காலிகளை இறக்கிப் போட்டு எல்லோரையும் உட்கார வைத்தார் நிதானம். அக்காவும் தம்பியும் மேசையின் இரு கோடிகளில் உட்கார்ந்தார்கள்.

"துணிக்காரர் கமிஷன் கொடுத்திருந்தா துணி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். ஜிப்பும் நூலும் அதே அளவுக்கு ஏன் மிஞ்சணும்? அதனால தப்பு வாங்கின இடத்துல இல்லை. இத்தனை பை விக்கும்ங்கிற எண்ணிக்கையே வழியில ஊதிப்போயிருக்கு" என்றவர் விற்பனை மேலாளரைப் பார்த்தார்.

"நான் கொஞ்சம் கூட்டினது உண்மைதான் சார். பத்தலைன்னா மறுபடியும் தம்பிதானே திட்டு வாங்கணும்?"

தம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தான். "நீங்க கூட்டினது எனக்குத் தெரியாதே! நானும் மேல கொஞ்சம் போட்டேன். மறுபடி பத்தாம போனா அக்கா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு பயம்."

"ரெண்டு பேர் கொஞ்சம் கொஞ்சம் கூட்டினா இவ்வளவா மிஞ்சும்?" என்று அவசரக்குடுக்கை கேட்டாள். அன்று அவள் கேட்ட முதல் நல்ல கேள்வி அது.

"மிஞ்சாது. இன்னும் ஒருத்தர் இருக்காங்க" என்ற நிதானம் முதலாளி அம்மாளின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "தம்பி அனுப்பினதை அப்படியேவா கொள்முதலுக்கு அனுப்புனீங்க?"

அந்த அம்மாளின் கண்கள் நிறைந்துவிட்டன. "இல்ல. எல்லாத்தையும் விட நான்தான் அதிகமா கூட்டினேன். அதனால இவ்வளவு மிஞ்சும்னு தோணவே இல்லை, ஊர் சொன்னதைக் கேட்டு நேத்து அவனைச் சந்தேகப்பட்டேன். ஆனா ரெண்டு வருஷமா அவன் தலைகுனியக் கூடாதுன்னுதான் கூட்டிக்கிட்டிருந்தேன். நான் கூட்டினதைப் போய் அவன் தலையில கட்டப் பாத்தேனே!"

அவசரக்குடுக்கை தண்ணீர்க் குவளையை அந்த அம்மாள் பக்கம் நகர்த்தினாள்.

"ஆபத்துக்குன்னு கொஞ்சம் கூட்டி வைக்கிறது தப்பில்லை. அதை ஒரே இடத்துல, எல்லாருக்கும் தெரிய வைங்க" என்றார் நிதானம். "போட்ட திட்டத்தையும் நடந்த விற்பனையையும் மாசாமாசம் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதுக்கு முதல்ல நீங்க ஒண்ணா உக்காரணும்."

முதலாளி அம்மாள் போனை எடுத்துப் பங்குதாரரை அழைத்தார். "கூட்டினது நான். என் தம்பி எங்கேயும் போகலை" என்று சொல்லி வைத்துவிட்டு, எழுந்துபோய்த் தம்பியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மனசுல இருக்கிறதை மட்டும் சொல்லு. இந்தப் பருவத்துல எவ்வளவு போகும்?"

அவன் ஓர் எண்ணைச் சொன்னான். போன வருடத் திட்டத்தில் பாதிகூட இல்லை. சொன்ன கையோடு அவனுக்கே பயம் வந்துவிட்டது.

"பத்தாம போயி, அந்தக் கடைக்காரர் மறுபடி வந்தா என்னக்கா பண்றது?"

"வரட்டும்டா" என்றார் அக்கா. "இந்தத் தடவை நான் பேசுறேன்."